மேட்பிளாட்லிப் எல்லாம் சரி, அந்த ‘டைட்’ மட்டும் வேண்டாம்

ரிப்போர்ட்டில் ஒட்டிய வரைபடத்தை மூலையைப் பிடித்துச் சுருக்கினால் எழுத்தெல்லாம் எறும்பாகிவிடுகிறது, நீ எப்படிச் சமாளிக்கிறாய் என்று நண்பர் கேட்டார். சுருக்குவதே இல்லை, அவ்வளவுதான்.

பைத்தான் நிரலில் வரைபடம் வரைய நான் பயன்படுத்தும் மேட்பிளாட்லிப் தானாகத் தரும் படம் 6.4 அங்குல அகலம், எழுத்தளவு 10 புள்ளி (பாயின்ட்). ஏ4 தாளில் இருபுறமும் ஓர் அங்குலம் விட்டால் மிஞ்சுவது சுமார் 6.27 அங்குலம். ஒரே படம் என்றால் பிரச்சினை கண்ணில் படாது. இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொன்றும் பாதியாகி, 10 புள்ளி எழுத்து 5 புள்ளிக்கும் கீழே போய்விடும். அதனால் வரையும்போதே, படத்தின் அளவைச் சொல்லும் ஃபிக்சைஸில் அகலம் 3.1 அங்குலம் என்று கொடுத்து, எழுத்தை 8 புள்ளியாக வைத்து, நூறு சதவீத அளவிலேயே ஒட்டுகிறேன். தாளிலும் அதே 8 புள்ளிதான். இந்த ஒரு வசதிக்காகவே இத்தனை வருடமாக இதை விடவில்லை.

ஆனால் படத்தைச் சேமிக்கும் சேவ்ஃபிக் கட்டளையில் ‘டைட்’ போடச் சொல்லாத ஆள் கிடையாது. ஓரத்து வெள்ளையை வெட்டிவிடுமாம். வெட்டும்தான், கூடவே நான் பார்த்துப் பார்த்துக் கொடுத்த அகலத்தையும் மாற்றிவிடும். ஒரு படம் 2.9 அங்குலமாகும், அச்சின் பெயர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இன்னொன்று 3.3 ஆகும். எல்லாவற்றையும் ஒரே அகலத்துக்கு இழுத்தால் படத்துக்குப் படம் எழுத்து வேறு அளவில் நிற்கும். நாம் போடாவிட்டாலும், பைத்தானை உலாவியில் எழுதி ஓட்டும் ஜூபிட்டர் நோட்புக்கில் தெரியும் படம் இயல்பாகவே ‘டைட்’ ஆகித்தான் வருகிறது. அதை வலது க்ளிக்கில் சேமித்துத் தரும் சக ஊழியரிடம் என்னவென்று சொல்வது? சேவ்ஃபிக்கில் சேமிக்கும்போது ‘டைட்’டுக்குப் பதில் லேஅவுட்டை ‘கன்ஸ்ட்ரெயின்ட்’ என்று வைத்தால் போதும், படத்தின் அளவு மாறாமல் உள்ளே இருப்பவை ஒதுங்கிக்கொள்ளும். இதை யாரும் முதலில் சொல்லித் தருவதில்லை.

தமிழில் பெயர் எழுதப்போனால் இன்னொரு கூத்து. இயல்பு எழுத்துருவான டெஜாவு சான்ஸில் தமிழ் இல்லை, கட்டம்தான் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டாலும், என்னிடம் உள்ள பதிப்பில் ‘பெண்கள்’ என்றால் கொம்பு ப-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. எழுத்தை எழுத்தாகவே விட்டுவைக்க எஸ்விஜி.ஃபான்ட்டைப் என்ற அமைப்பை ‘நன்’ என்று மாற்றி, படத்தைக் கோட்டு வடிவங்களாக வைக்கும் எஸ்விஜி கோப்பாகச் சேமித்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்தேன், கொம்பு தன் இடத்துக்கு வந்துவிட்டது! எழுத்தை அங்கேயே பாதையாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிவிட்டால் அந்த எழுத்துரு இல்லாத கணினியிலும் குலையாது. எவ்வளவு பெரிதாக்கினாலும் மழுங்காது. எஸ்விஜி வேண்டாம் என்று அடம்பிடிக்கும் அலுவலகத்துக்கு 300 டிபிஐ பிஎன்ஜி கொடுப்பேன். ஜேபெக் மட்டும் கூடாது, எழுத்தைச் சுற்றி அழுக்கு ஒட்டியதுபோல் ஆகிவிடும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும், இன்றைய எரிச்சலில் நண்பருக்கு இதைச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. நாளைக்கே ரிப்போர்ட் கொடுக்க வேண்டுமென்றால் இருக்கிற எக்செல்லிலேயே வரைபடத்தின் அகலத்தை முதலில் வைத்து, அப்புறம் எழுத்தளவைப் போடச் சொல்லிவிட்டேன். நான் மாறப்போவதில்லை, அது வேறு கதை.