ஸ்லைடு நிறம் மாற்ற ஆட்-இன்: விபிஏவா, விஎஸ்டிஓவா, ஆபீஸ் ஜேஎஸ்ஸா?

நிறுவனத்தின் லோகோ நிறம் மாறியதும், "பழைய ஸ்லைடுகளை எல்லாம் புது நிறத்துக்கு மாத்திக் கொடுங்க" என்று யாராவது வந்து நிற்பார்கள். பவர்பாயிண்டில் ஒவ்வொரு கட்டமாகக் கிளிக் செய்து மாற்றினால் ஒரு நாள் போய்விடும். சரி, ஆட்-இன் (பவர்பாயிண்டோடு சேர்ந்து ஓடும் சிறு நிரல்) எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தால், எந்த மொழியில் எழுதுவது என்றுதான் முதலில் யோசிப்போம். அதற்கும் முன்னால் முடிவுசெய்ய வேண்டியது ஒன்று உண்டு: நிறத்தை வடிவத்தில் (ஸ்லைடிலுள்ள கட்டம், வட்டம் போன்ற ஒவ்வொன்றிலும்) மாற்றப்போகிறோமா, தீமில் (கோப்புக்கே பொதுவான நிறத் தொகுப்பில்) மாற்றப்போகிறோமா?

வடிவத்தில் மாற்றுவது சுலபமான வழி. ஒவ்வொரு ஸ்லைடாக, ஒவ்வொரு வடிவமாகப் போய் அதன் ஃபில் (உள்ளே நிரப்பும்) நிறத்துக்கு, சிவப்பு, பச்சை, நீல அளவுகளைச் சொல்லும் ஒரு ஆர்ஜிபி எண்ணைக் கொடுத்துவிடலாம். பத்து வரியில் வேலை முடியும். ஆனால் அந்த எண் அந்த வடிவத்திலேயே உறைந்துவிடும். அடுத்த முறை நிறம் மாறும்போது மறுபடியும் அத்தனை வடிவங்களையும் தேடிப் போக வேண்டும். ஸ்லைடை வேறொரு கோப்பில் ஒட்டினாலும் பழைய நிறம் அப்படியே நிற்கும்.

தீம் வழி வேறு. 2003 வரை ஒரு ஸ்லைடின் நிறத் திட்டத்தில் 8 நிறங்கள் இருந்தன. 2007-இல் அது 12 ஆனது: எழுத்துக்கும் பின்னணிக்கும் 4, ஆக்சென்ட் எனப்படும் அலங்கார நிறங்கள் 6, ஹைப்பர்லிங்குக்கு 2. வடிவத்திடம் "நீ ஆக்சென்ட் 1" என்று மட்டும் சொல்லிவைத்தால் போதும். மாஸ்டரின் (ஸ்லைடுகளுக்கு அச்சாக இருக்கும் மூல ஸ்லைடின்) தீமில் ஆக்சென்ட் 1-ஐ மாற்றிய நொடியில் எல்லா ஸ்லைடும் மாறும். அந்த நிறத்தையே நம்பியிருக்கும் சார்ட்டும் அட்டவணையும் கூடவே மாறும். அதே ஆக்சென்டின் 40 சதவீதம் வெளிறிய சாயல் வேண்டுமென்றால் பிரைட்னஸ் 0.4 என்று கொடுக்கலாம். அதுவும் தாய் நிறத்தோடு சேர்ந்தே நகரும். என் ஓட்டு இதற்குத்தான். லோகோவுக்கும், திட்ட நிலையைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சைக்கும் மட்டும் ஆர்ஜிபியை வைத்துக்கொள்வேன். தீம் மாறியதும் "தாமதம்" என்ற சிவப்பு வட்டம் ஊதாவாகிவிடக் கூடாது அல்லவா?

இப்போது கருவிகளுக்கு வருவோம்.

ஆபீஸுக்குள்ளேயே இருக்கும் மேக்ரோ மொழியான விபிஏ-வில் எழுதி, பிபிஏஎம் என்ற ஆட்-இன் கோப்பாகச் சேமிப்பது பழைய வழி. இன்றும் அதிகம் செய்ய முடிவது இதில்தான். தீம் நிறத் திட்டம், மாஸ்டர், குழுவாக்கிய வடிவங்கள், சார்ட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு தரவுத் தொடர் என்று எல்லாவற்றையும் தொடலாம். விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும், பிரவுசரில் ஓடாது. பிபிஏஎம் கோப்பைத் திறந்து நிரலைத் திருத்த முடியாது, அதனால் நிரலை எழுதிய மூலமான பிபிடிஎம் (மேக்ரோ உள்ள பவர்பாயிண்ட்) கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை 2022 முதல் ஆபீஸ் தானாகவே தடுக்கிறது. மின்னஞ்சலில் அனுப்பினால் பெறுபவரிடம் ஓடாமல் போக வாய்ப்பு அதிகம்.

விபிஏ-வில் ஒரு இடத்தில் நான் நன்றாக வழுக்கி விழுந்திருக்கிறேன். வடிவமைப்பாளர் கொடுத்த மெரூன் நிறத்தின் ஹெக்ஸ் எண் (சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் இரண்டிரண்டு பதினாறடிமான இலக்கங்கள்) 802040. அதை அப்படியே ஹெக்ஸாக நிரலில் போட்டேன். ஓட்டிப் பார்த்தால் தலைப்புப் பட்டை எல்லாம் கரு ஊதா! காரணம், விபிஏ அந்த எண்ணில் சிவப்பைக் கடைசியிலும் நீலத்தை முதலிலும் வைத்துப் படிக்கிறது. 80 நீலமாகவும் 40 சிவப்பாகவும் போய்விட்டது. ஆர்ஜிபி சார்புக்குள் அதே அளவுகளைச் சாதாரண எண்ணில் 128, 32, 64 என்று தனித்தனியாகக் கொடுத்ததும் மெரூன் வந்தது. பச்சை நடுவில் இருப்பதால் அது மட்டும் எப்போதும் சரியாக இருக்கும். பச்சை நிறத்தை வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை கண்ணிலேயே படாது.

சி ஷார்ப் போன்ற மொழிகளில் ஆட்-இன் எழுத உதவும் விஎஸ்டிஓ-விலும் இதே குழி உண்டு. சி ஷார்ப்பின் நிறத்தை ஓஎல்இ எண்ணாக (நீலம் முதலில் வரும் அதே வரிசைக்கு) மாற்றிய பிறகே கொடுக்க வேண்டும். தரவுத்தளத்தோடு பேச வேண்டும், பெரிய படிவங்கள் வேண்டும் என்றால் இதில் எழுதுவது சுகம். ஆனால் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். புதிதாகத் தொடங்குபவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன். கையில் ஏற்கெனவே பெரிய விஎஸ்டிஓ நிரல் இருந்தால் அதிலேயே தொடரலாம்.

ஜாவாஸ்கிரிப்டில் எழுதி வலைப்பக்கமாக ஓட்டும் ஆபீஸ் ஜேஎஸ், விண்டோஸ், மேக், ஐபேட், பிரவுசர் நான்கிலும் ஓடும். ஹெக்ஸ் எண்ணை வடிவமைப்பாளர் தந்தபடியே கொடுக்கலாம், குழப்பமில்லை. நிர்வாகி ஒரே இடத்திலிருந்து எல்லோருக்கும் அனுப்பிவிடலாம். ஆனால் பக்கத்தை எச்டிடிபிஎஸ் முகவரியில் எங்காவது வைத்தாக வேண்டும். வசதிகளும் தவணை தவணையாகத்தான் வந்தன: வடிவத்துக்கு நிறம் பூசுவது பவர்பாயிண்ட் ஏபிஐயின் (நிரல் அழைக்கும் கட்டளைத் தொகுப்பின்) 1.4 பதிப்பில் வந்தது, தீம் நிறத்தை மாற்றுவது 1.10-இல்தான். பயனரின் ஆபீஸ் பழையதாக இருந்தால் இரண்டாவது கிடைக்காது, அதனால் நிரலின் தொடக்கத்திலேயே பதிப்பைச் சோதிக்க வேண்டும். சார்ட்டின் தனித் தொடருக்கு நிறம் கொடுக்க இதில் நேரான வழி இல்லை. இன்னொன்று: சேர்த்து வைத்த கட்டளைகளைப் பவர்பாயிண்டுக்கு அனுப்பும் சிங்க் அழைப்பைச் சுழற்சிக்குள் வைக்காதீர்கள். 300 வடிவத்துக்கு 300 முறை போய்வந்தால் பயனர் பொறுமை இழந்துவிடுவார்.

கூகுள் ஸ்லைட்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு ஆப்ஸ் ஸ்கிரிப்ட் இருக்கிறது. மாஸ்டரின் நிறத் திட்டத்தை அதிலும் மாற்றலாம்.

எல்லோரும் விண்டோஸிலோ மேக்கிலோ இருக்கும் சின்னக் குழுவுக்கு விபிஏ போதும். பிரவுசரில் திறப்பவர் ஒருவர் இருந்தாலும் ஆபீஸ் ஜேஎஸ் பக்கம் போய்விடுவேன். விபிஏ-வில் எழுதினால், முதல் மாஸ்டரோடு நிறுத்திவிடாமல் டிசைன்ஸ் தொகுப்பு முழுவதையும் சுற்றி வாருங்கள். "மூல வடிவமைப்பை வைத்துக்கொள்" என்று ஒட்டிய ஸ்லைடுகள் தங்கள் சொந்த மாஸ்டரோடு கோப்புக்குள் வந்திருக்கும். எல்லாம் மாறியும் நடுவில் மூன்று ஸ்லைடு மட்டும் பழைய நிறத்தில் நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.