ஐந்து நட்சத்திரத்தை நம்பி 6,400 டாலர் போச்சு

ஆத்திரத்தில் எழுதுகிறேன், கோர்வையாக வராது. அமெரிக்காவில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்பவர்கள் மட்டுமாவது படியுங்கள்.

போன மாதம் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன். இன்சூரன்ஸ் நெட்வொர்க்கில் உள்ள, அதாவது என் இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட டீச்சிங் ஹாஸ்பிடல் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. மருத்துவமனைகளுக்கு நட்சத்திரம் போடும் ஒரு தரவரிசை இணையதளத்தில் அதற்கு மூன்று நட்சத்திரம்தான். நாற்பது நிமிடத் தொலைவில் இன்னொன்று. அதே தளம் கொடுத்த 'நோயாளி பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம்' என்று வாசலில் ஆள் உயர பேனர், லிஃப்ட் கதவில் ஸ்டிக்கர். நெட்வொர்க்குக்கு வெளியே என்பதால் கைக்காசு 6,400 டாலர். கையெழுத்துப் போடும்போது கவுண்டர் பெண்மணி, "சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்" என்று சிரித்தார். அங்கேதான் விழுந்தேன்.

ஒன்பதாம் நாள் கட்டின் மேல் கால் டாலர் காசு அளவுக்கு மஞ்சள் கறை. மறுநாள் காய்ச்சல். தையலைப் பிரித்துச் சீழை வெளியேற்றினார்கள்.

மருத்துவமனைக்குப் போன் செய்தால், "தொற்று வரலாம் என்று படிவத்திலேயே இருக்கிறதே." சரி, அப்போது அந்த ஐந்து நட்சத்திரம்? "அது நாங்கள் கொடுத்ததில்லை, தளத்தைக் கேளுங்கள்." தளமோ, "கிடைத்த தரவைத்தான் வெளியிடுகிறோம், தனிநபர் புகார்களை ஏற்பதில்லை." பில்லிங் பிரிவு மட்டும் யாரையும் கைகாட்டவில்லை. 6,400 டாலரை முழுசாக எண்ணி வாங்கிக்கொண்டது.

முன்பே படித்திருக்க வேண்டியதை இப்போது படிக்கிறேன். அந்தத் தளத்தின் கணக்கு எனக்குப் பிடிபடவே இல்லை. முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ் திட்டமான மெடிகேர் 2016 முதல் மருத்துவமனைகளுக்குத் தரும் நட்சத்திரமாவது கணக்கை வெளியே வைக்கிறது. அதிலேயே இந்த லட்சணம்: இறப்பு, பாதுகாப்பு, மறு அட்மிஷன், நோயாளி அனுபவம், உரிய நேரத்தில் சிகிச்சை என ஐந்தையும் கலக்கி ஒரே எண். பாதுகாப்பில் எண்ணப்படும் தொற்றுகள் ஆறே வகை. ஆபரேஷன் காயத் தொற்று என்றால் பெருங்குடல் ஆபரேஷனும், வயிற்றைத் திறந்து கருப்பை எடுப்பதும் மட்டும்தான். ஹெர்னியா இல்லவே இல்லை! எனக்குச் சீழ் பிடித்தால் அங்கே ஒரு கீறல்கூட விழாது.

பேட்ஜை விளம்பரத்தில் போட்டுக்கொள்ள மருத்துவமனையிடமே கட்டணம் வாங்கும் தனியார் தரவரிசைகளும் உண்டாம். இதுவும் இப்போதுதான் தெரியும்.

நான் இளக்காரமாகப் பார்த்த அந்த மூன்று நட்சத்திரத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. சிக்கலான கேஸ்கள் போய்ச் சேருவது அந்த மாதிரி இடங்களுக்குத்தான். தொற்றைத் தேடித் தேடிப் பரிசோதிப்பவர்கள் கணக்கில்தான் தொற்று அதிகம் ஏறும். தேடாத இடத்தில் பூஜ்யம், பூஜ்யத்துக்கு ஐந்து நட்சத்திரம்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், உட்கார முடியவில்லை. பேனரில் எந்த வருடம், யார் கொடுத்தது என்று பாருங்கள். உங்கள் ஆபரேஷன் அந்தக் கணக்கில் வருகிறதா என்று கேளுங்கள். வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், எத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்று சர்ஜனிடமே கேளுங்கள். பேனரைப் பார்த்து நெட்வொர்க்கைத் தாண்டாதீர்கள்.

நாளைக்கு டிரெஸ்ஸிங் மாற்ற வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த 6,400 டாலரில் அது சேராதாம், அதற்குத் தனி பில்.