லேத் பெட் ஸ்கிரேப்பிங்: பளபளக்கும் பிறைக் கோலத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்

தேய்ந்துபோன லேத்தை (கடைசல் மெஷினை) கையால் ஸ்கிரேப்பிங் செய்து, அதாவது சுரண்டியால் மேடுகளைச் சுரண்டி இறக்கி, புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், மெஷினை ஏற்றி அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்துவிட்டேன். பணம் போனது ஒரு பக்கம். போன மெஷின் முன்பைவிட மோசமாகித் திரும்பி வந்ததுதான் இன்னும் மனசு ஆறவில்லை.

என்னுடையது 1000 மி.மீ. சென்டர் தூரம் (பிடிக்கக்கூடிய வேலைத்துண்டின் நீளம்) உள்ள பழைய லேத். மற்ற பாகங்கள் ஓடும் நீளமான அடித்தளமான பெட் கடினப்படுத்தப்படாத வார்ப்பிரும்பு, அதனால் கையால் சுரண்டிச் சரிசெய்யலாம். (இண்டக்ஷன் முறையில் கடினப்படுத்திய பெட் என்றால் அது கிரைண்டிங்குக்குத்தான் போக வேண்டும். ஓரத்தில் ஒரு அரத்தை இழுத்துப் பாருங்கள், அரம் வழுக்கினால் கடினமானது.) வருஷக்கணக்கில், வேலைத்துண்டைப் பிடித்துச் சுழற்றும் சக்குக்குப் பக்கத்திலேயே சின்னச் சின்ன வேலைகள் ஓடியதில் அந்த இடம் மட்டும் குழிந்துவிட்டது. பெட்டின் மேலுள்ள V வடிவத் தடங்களில் முன்பக்கத்தது, அதாவது முன்பக்க வி-கைடுவேதான் எப்போதும் அதிகம் தேயும், வெட்டும் விசை அதன் மேல்தான் இறங்குகிறது. அது தேய்ந்தால், டூலைத் தாங்கிக்கொண்டு பெட் மேல் ஓடும் சேடில் முன்பக்கமாகச் சாய்கிறது, டூல் முனையும் கூடவே வேலைத்துண்டை விட்டு விலகுகிறது. அதனால் சக்கில் பிடித்து ஒரு தண்டைக் கடைந்தால் சக் பக்கம் விட்டம் பெரிதாக வருகிறது. என் மெஷினில் 250 மி.மீ. நீளத்துக்கு 0.11 மி.மீ. வித்தியாசம்.

கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்தேன், அது மட்டும் இல்லாவிட்டால் ஏமாந்ததே எனக்குத் தெரிந்திருக்காது. சக்குக்கு எதிர்முனையில் வேலைத்துண்டைத் தாங்கும் டெயில்ஸ்டாக் ஓடும் உள் கைடுவே சேடில் ஓடும் இடத்தைப் போல அவ்வளவாகத் தேய்ந்திருக்காது. அதன் மேல் பொருந்தி உட்காரும் ஒரு கட்டையில் டயல் கேஜை (நுண்ணிய ஏற்ற இறக்கத்தை முள்ளில் காட்டும் கருவி) பொருத்தி, அதன் தொடுமுனையை முன் வி-யின் சரிவில் வைத்து, முழு நீளத்துக்கும் தள்ளிக்கொண்டே போய், 50 மி.மீ.க்கு ஒரு அளவு என்று நோட்டில் எழுதிவைத்தேன். ஆழமான இடம் 0.18 மி.மீ. சக்கிலிருந்து கிட்டத்தட்ட ஒரு சாண் தள்ளி.

வேலை செய்தவர் வயதில் மூத்தவர், நன்றாகப் பேசுவார். இருபது புள்ளி, முப்பது புள்ளி (ஒரு அங்குலச் சதுரத்தில் பரப்பு தொடும் இடங்கள்) என்று தொழில் தெரிந்தவர் பேசும் பேச்சு. பெட், சேடில், டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு, டெயில்ஸ்டாக் அடிப்பகுதி எல்லாம் சேர்த்து முழுப்பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார். ஒன்பதாவது நாள் முடிந்தது என்று போன் வந்தது.

அப்போதே நான் கணக்குப் போட்டிருக்க வேண்டும். கை ஸ்கிரேப்பிங்கில் முரட்டுச் சுற்றுக்கு ஏறக்குறைய 10 மைக்ரான் (0.01 மி.மீ.) இறங்கும், கடைசிச் சுற்றுகளில் இரண்டு மூன்று மைக்ரான். ஒவ்வொரு சுற்றிலும் தொடும் இடத்தைக் காட்டும் நீலச் சாயம் தடவ வேண்டும், மாஸ்டரை (ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்ற துல்லியமான நேர்விளிம்புக் கட்டை போன்றது) வைத்து எடுக்க வேண்டும், படிந்த மேடுகளை மட்டும் சுரண்ட வேண்டும், பிசிறைக் கல்லால் நீக்க வேண்டும், துடைக்க வேண்டும். 0.18 மி.மீ. குழியின் அடி வரைக்கும் சுற்றியுள்ள மேடு மொத்தத்தையும் இறக்கணும். ஒரே ஆள், கையால், நான்கு பாகங்கள், ஒன்பது நாள். இந்தக் கணக்கு எனக்குத் தெரியாததல்ல. மெஷின் வருகிற சந்தோஷத்தில் போடவில்லை.

போய்ப் பார்த்தபோது பெட் முழுக்க வரிசை வரிசையாகச் சுரண்டியால் போட்ட பிறைக் கோலம். வெளிச்சத்தில் ஒரு பக்கம் சாய்ந்து பார்த்தால் மினுங்கியது, இன்னொரு பக்கம் சாய்ந்தால் இருண்டது. கண்ணை எடுக்க முடியவில்லை. அவர் பெட்டில் மெல்லியதாக நீலம் தடவி, சேடிலை அதன் மேல் வைத்து முன்னும் பின்னும் ஒரு கை அகலம் நகர்த்தி, தூக்கிப் புரட்டிக் காட்டினார். சேடிலின் அடிப்பரப்பு முழுக்க நீலப் புள்ளிகள், நெருக்கமாக, ஒரே சீராக. “எண்ணிக்கோ தம்பி” என்றார். எண்ணினேன். ஒரு அங்குலச் சதுரத்துக்கு இருபதுக்கு மேல் இருந்தது. அப்புறம் டயல் கேஜை சேடில் மேல் நிறுத்தி, தொடுமுனையை அதே பெட்டில் சேடிலுக்கு ஒட்டி முன்னால் வைத்து, கேரேஜை (சேடிலோடு சேர்ந்து நகரும் முழுத் தொகுதியை) ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓட்டினார். முள் அசையவே இல்லை என்றே சொல்லலாம். கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு மெஷினை ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அந்த இரண்டு செயல்விளக்கமும் எதையும் நிரூபிக்கவில்லை. இதைத்தான் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும் என்று இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் டயல். சேடில் மேல் நிற்கும் டயல், சேடில் ஓடும் அதே தடத்தைத் தொட்டால், குழிக்குள் சேடில் இறங்கும்போது டயலும் கூடவே இறங்குகிறது. தரையே இறங்கினால் அதன் மேல் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? அந்த இடத்து வளைவில் மிகச் சிறிய பங்கு மட்டும்தான் முள்ளில் தெரியும். டயலை நிறுத்தும் இடம் தேயாத பரப்பாக இருக்க வேண்டும்.

அடுத்தது நீலம். பெட்டுக்கும் சேடிலுக்கும் நடுவில் நீலம் முழுக்கப் படிகிறது என்றால், அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்று மட்டும்தான் அர்த்தம். நேராக இருக்கின்றன என்று அர்த்தம் இல்லை. பெட் குழிந்திருந்து, அதற்கு ஏற்ப சேடில் அடி புடைத்திருந்தால் புள்ளிகள் அவ்வளவு அழகாக விழும். கிண்ணமும் அதற்குள் உட்காரும் உருண்டையும் போல. சமதளம் வேண்டுமென்றால் மூன்று தட்டுகளை மாற்றி மாற்றி ஒன்றோடொன்று பார்த்துச் சுரண்ட வேண்டும் என்பது இதனால்தான். இரண்டு மட்டும் என்றால் ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் பொருந்திக்கொள்ளும், மூன்றாவது வந்தால் அந்தப் பொய் நிற்காது. ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1840-ல் கிளாஸ்கோவில் சமதளப் பரப்புகளைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். எமரி என்ற தேய்ப்புத் தூள் போட்டுத் தேய்த்துப் பொருத்துவது கெடுதல், சுரண்டுவதுதான் முறை என்று அப்போதே வாதாடினார். என் மெஷினுக்கு நடந்தது அவர் வேண்டாம் என்று சொன்னதேதான்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தண்டைப் பிடித்துக் கடைந்தேன். 250 மி.மீ.க்கு வித்தியாசம் 0.12. ஏதோ தவறு என்று மெஷினை லெவல் பார்த்தேன், ஒரு கோட்டுக்கு மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் லெவலை வைத்து, பெட் முறுக்கு இல்லாமல் உட்கார வைத்து, மறுபடி கடைந்தேன். அதே 0.12. நோட்டை எடுத்தேன். அதே கட்டை, அதே டயல், அதே 50 மி.மீ. இடைவெளி. ஆழமான இடத்தில் முன்பு 0.18. இப்போது 0.19.

அப்புறம்தான் பெட்டை உற்றுப் பார்த்தேன். சேடிலைக் கழற்றி அடியில் இருந்த எண்ணெய்ப் பள்ளத்தின் மூலையில் நகத்தை வைத்து வழித்தேன். கறுத்த சாம்பல் நிறத்தில் பசை வந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டினால் நறநறவென்றது. வால்வு கிரைண்டிங் பேஸ்ட், என்ஜின் வால்வைத் தேய்த்துப் பொருத்தப் போடும் துகள் கலந்த பசை. அதைப் போட்டு சேடிலைக் குழிக்குள்ளேயே முன்னும் பின்னும் தேய்த்துப் பொருத்தியிருக்கிறார். சேடிலும் பெட்டும் அதனால்தான் அவ்வளவு நன்றாகப் பொருந்தின. அதற்கு மேல் பிறைக் கோலத்தைப் போட்டு மூடிவிட்டார். கோலம் போடுவது தப்பில்லை. ஒழுங்காகச் சுரண்டி முடித்த பரப்பின் மேல் எண்ணெய் தங்குவதற்காகவும் அழகுக்காகவும் போடுவார்கள். தேய்ந்த பரப்பின் மேல் போட்டாலும் பார்க்க அது அப்படியேதான் இருக்கும், அதுதான் ஆபத்து. பழைய மெஷின் விற்பவர் காட்டும் கோலத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். உண்மையில் பல வருஷம் ஓடிய பெட்டில், சக் பக்கம் கோலம் அழிந்து வழவழவென்றும், தூரக் கோடியில் மட்டும் மங்கலாக மிஞ்சியும் இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் புத்தம்புதுசாக இருந்தால் யாரோ சமீபத்தில் போட்டிருக்கிறார்கள். கீழே என்ன வேலை நடந்தது என்று கேளுங்கள்.

பேஸ்ட்டில் உள்ள துகள் வார்ப்பிரும்பில் பதிந்துகொள்ளும் என்பதுதான் இதில் மிகக் கெட்டது. துடைத்தால் போகாது. மெஷின் ஓட ஓட அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

இன்னொன்றையும் அவர் தொடவே இல்லை. பெட்டும் சேடிலும் தேய்ந்தால் சேடில் இறங்குகிறது, அதில் தொங்கும் ஏப்ரன் என்ற முன்பெட்டியும் இறங்குகிறது. மரை வெட்டும்போது கேரேஜை நகர்த்தும் நீளமான லீடு ஸ்க்ரூ இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைக் கவ்வும், ஏப்ரனில் உள்ள அரை நட்டை மூடினால் லீடு ஸ்க்ரூவைக் கீழே இழுக்கும். என் மெஷினில் சக் பக்கம் கேரேஜை வைத்து, லீடு ஸ்க்ரூ மேல் விரலை வைத்துக்கொண்டு அரை நட்டை மூடினால் விரலுக்கடியில் ஒரு துள்ளல் தெரியும். முறையாகச் செய்பவர் பெட்டை இறக்கிய அளவையும் சேடிலில் எடுத்த அளவையும் கூட்டி, சேடில் அடியில் டர்சைட் (தேய்மானம் தாங்கும் பிளாஸ்டிக்) மாதிரி ஒரு தகடை ஒட்டி, அதையும் சுரண்டி, பழைய உயரத்துக்குக் கொண்டுவருவார். முதல் நாளே இதைக் கேட்டேன். “அதெல்லாம் தேவையில்லை தம்பி, நான் பார்த்துக்கிறேன்” என்றார். உயரத்தைப் பற்றிக் கேட்டதற்கு அளவே இல்லாமல் பதில் வந்தபோதே நான் திரும்பியிருக்கலாம்.

போன் செய்தேன். சண்டை போடவில்லை, ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். “அண்ணே, பெட்டை எந்த ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வச்சுப் பார்த்தீங்க?” கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “பழைய மெஷின்ல இதுக்கு மேல எதிர்பார்க்கக் கூடாது” என்றார். அளவுகளைச் சொன்னேன். “உன் டயல் சரியில்லை” என்றார். அதற்குப் பிறகு அவர் என் போனை எடுக்கவில்லை.

நீங்கள் யாரிடமாவது கொடுப்பதாக இருந்தால் இந்தக் கேள்வியை முதல் நாளே கேளுங்கள்: மாஸ்டர் எது? பெட்டுக்கு ஈடான நீளத்தில் ஒரு ஸ்ட்ரெய்ட் எட்ஜ் அவரிடம் இருக்க வேண்டும், வி-யின் சரிவுக்குள் நுழையும்படி சாய்ந்த ஓரத்தோடு. அதையே நம்பகமான சர்ஃபேஸ் பிளேட்டில் (துல்லியமான சமதளத் தட்டில்) வைத்து நீலம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல வேலைக்காரர் சந்தோஷமாகக் காட்டுவார், அவருடைய பெருமையே அதுதான். மேலே கை படாமல் பிடிப்பதற்கு மரப்பிடி போட்டிருந்தால் இன்னும் நல்லது. வார்ப்பிரும்பு ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு 11 மைக்ரான் அளவில் நீளும், உள்ளங்கைச் சூடு ஒரு பக்கம் பட்டாலே ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வளையும். இதை அறிந்தவர் பிடிக்கும் விதமே வேறு மாதிரி இருக்கும்.

வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே முறையில் அளவெடுத்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பணத்தைப் பாகம் பாகமாகக் கொடுங்கள், கோலம் போடுவதற்கு முன் வெறும் சுரண்டல் நிலையிலேயே ஒருமுறை போய்ப் பாருங்கள். உண்மையான ஸ்கிரேப்பிங்கில் கீறல்கள் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டிக்கொண்டு பல திசையில் போகும், ஏனென்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் திசையை மாற்றுவார்கள். வாங்கும்போது சக் பக்கம் டெஸ்ட் பார் (துல்லியமான உருளைத் தண்டு) போட்டு 300 மி.மீ.க்கு எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். 0.02 மி.மீ.க்குள் என்பது பொதுவாகக் கேட்கும் அளவு. பார் முனை மேல்நோக்கியோ டூல் பக்கமோ கொஞ்சம் சாயலாம், எதிர்ப்பக்கம் சாயக் கூடாது. ஒரு தண்டையும் கடைந்து பாருங்கள், அங்கேயே, அவர் முன்னாலேயே.

என் மெஷின் இப்போது பிரித்த நிலையில் இருக்கிறது. பக்கத்துப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தன்னுடைய நீளமான ஸ்ட்ரெய்ட் எட்ஜைக் கொடுத்து, வாரத்துக்கு இரண்டு நாள் வந்து உட்கார்ந்து சொல்லியும் தருகிறார். பேஸ்ட்டை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிக் கழுவி எடுத்தோம். பதிந்த துகள் போக முதல் மூன்று சுற்றும் சுரண்டியின் கார்பைடு முனை கிரீச்சிட்டது, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தீட்ட வேண்டியிருந்தது. நான்காவது சுற்றில்தான் சத்தம் மாறி, மாவு போல நைசாகத் தூள் வந்தது. முதல் முறை நீலம் எடுத்தபோது சக் பொருந்தியிருக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கை ஒட்டி நான்கு விரல் அகலத்திலும், டெயில்ஸ்டாக் பக்கக் கோடியிலும் மட்டும்தான் படிந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, விரலால் அந்த வெறும் இடத்தை நீளவாக்கில் தடவிக் காட்டினார். இன்று பதினோராவது சுற்று. நீலம் இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளே வந்துகொண்டிருக்கிறது, நடுவில் இன்னும் ஒன்றரைச் சாண் பாக்கி.