ஏழு வருடம் ஓட்டிய கார், காசில்லாமல் மாற்றிய ஒரு ஹோஸ்

2018 இல் கார் சேல் ஒன்றில் எடுத்த ரீகண்டிஷன் கார், ஜப்பானில் ஓடி வந்தது. இதுவரை 86,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது. கொழும்புக்குள் லீற்றருக்குப் பதினொன்று, பன்னிரண்டு தருகிறது, ஏசி இன்னும் நன்றாகக் குளிர்கிறது, முன் ஷொக் அப்சோபர் ஒருமுறை மாற்றினேன், அவ்வளவுதான். நான் எழுத வந்தது அதன் பெற்றோல் ஹோஸ் பற்றி.

எங்கள் ஃபிளாட் வெள்ளவத்தையில், வாகனங்கள் நிற்பது நிலத்துக்குக் கீழே. போன வருடம் காலையில் லிஃப்டில் இறங்கினால் பெற்றோல் மணம். பக்கத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிள் என்றுதான் பல நாள் நினைத்தேன். ஒருநாள் மனைவி பொனட் பக்கம் குனிந்துவிட்டு, "இல்லையப்பா, இது எங்கட காரிலதான் மணக்குது" என்றாள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, மேலே போகாமல் தாழ்ந்த இடத்தில்தான் தங்கும். மேலே எட்டு மாடியில் ஆட்கள் படுத்திருக்கிறார்கள், கீழே இது. அன்றைக்கே காரை வெளியே எடுத்துவிட்டேன்.

வழக்கமாகக் காரைப் பார்க்கும் மெக்கானிக் பாஸ், "ஹோஸ் வெடிச்சிருக்கு, பஞ்சிகாவத்தை சாமான் கடையில எடுத்துப் போடுவம்" என்றார். போட்டிருப்பேன், கூட வேலை செய்யும் ஒருவர்தான் செசி நம்பரை, அதாவது வாகனத்தின் அடையாள எண்ணை வைத்து, ரீகால் (தயாரிப்புப் பிழைக்காகக் கம்பனியே வாகனத்தைத் திருப்பி அழைத்துத் திருத்துவது) இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னார். அமெரிக்க அரசின் ரீகால் தேடலில் 17 இலக்க எண் கேட்கும், ஜப்பான் உள்நாட்டு வாகனங்களின் செசி நம்பர் அதைவிடக் கட்டை, நடுவில் ஒரு கோடு இருக்கும், அங்கே அது வேலைக்கு ஆகாது. தயாரித்த கம்பனியின் ஜப்பானிய மொழித் தளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும், பிரவுசரின் மொழிபெயர்ப்பே போதும். போட்டவுடன் வந்தது: எரிபொருள் ஹோஸில் வெடிப்பு விழுந்து கசியலாம், தீப்பிடிக்கும் அபாயம், இலவசமாக மாற்றித் தரப்படும்.

ரீகால் கடிதம் ஜப்பானில் பதிந்த உரிமையாளருக்குத்தான் போகும். என் பெயர் இருப்பது நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில். இங்கே நமக்கு ஒருவரும் கடிதம் போட மாட்டார்கள், நாமேதான் தேட வேண்டும்.

அந்தக் கம்பனியின் இலங்கை ஏஜென்டிடம் போனால், "சேர், இது நாங்க வித்த வாகனம் இல்லையே" என்றார்கள். பிழை தயாரிப்பில், விற்றது யார் என்பதில் என்ன இருக்கிறது? எனக்குச் சரியான கோபம். இரண்டாம் முறை அந்தப் பக்கத்தையும் வாகனப் பதிவுக்கான சி.ஆர். புத்தகத்தையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு போய் மனேஜரிடம் பேசினேன், செசி நம்பரை அவர்களே ஜப்பானுக்கு அனுப்பி உறுதிசெய்தார்கள். சாமான் வர ஐந்து கிழமை. அதுவரை கார் ஒழுங்கையில், மழையிலும் வெயிலிலும். அதைப் பார்த்து மிகையாகப் பயப்படுகிறேன் என்றார்கள் சிலர். 2023 செப்டம்பரில் ஹூண்டாயும் கியாவும் அமெரிக்காவில் 33 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களுக்கு ரீகால் அறிவித்தபோது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகாமல் காக்கும் ஏபிஎஸ் பாகத்தில் பிரேக் எண்ணெய் உள்ளே கசிந்து, எஞ்சின் நிறுத்தியிருந்தாலும் தீப்பிடிக்கலாம் என்று, வீட்டை விட்டுத் தள்ளி வெளியே நிறுத்தத்தான் சொன்னார்கள்.

மாற்ற இரண்டு மணித்தியாலம்தான் ஆனது. பழைய ஹோஸைக் காட்டச் சொன்னேன். விரலால் வளைத்தால் ரப்பரில் நெடுக வெடிப்பு விரிகிறது, உள்ளே ஈரம், கையைக் கழுவிய பிறகும் மணம் போகவில்லை. பில்லில் வாஷ், செக்கிங் என்று 6,500 ரூபா போட்டிருந்தார்கள், நான் கேட்காத வேலை என்றேன், வெட்டிவிட்டார்கள். ரீகால் வேலை முடிந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கேட்டு வாங்குங்கள், நாளைக்கு விற்கும்போதும் உதவும்.

அப்புறம் ஃபிளாட்டில் கேட்டவர்களுடைய செசி நம்பரையும் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் மாடி மாமியின் காருக்கும் ஒன்று இருக்கிறது. சாமான் இன்னும் வரவில்லை, நேற்றிலிருந்து அவருடைய கார் ஒழுங்கையில் நிற்கிறது.