கம்போசிஷன் பழக எது நல்லது? கட்டமா, போன் கேமராவா, குட்டி ஸ்கெட்ச்சா?

கை ஓரளவு படிந்துவிட்டது, பார்த்ததை வரைய வருகிறது, ஆனாலும் படம் ஏனோ உட்காரவில்லை. இந்த நிலையில்தான் பலர் கம்போசிஷன், அதாவது படத்தில் எதை எங்கே வைப்பது என்ற அமைப்பின் பக்கம் திரும்புகிறார்கள். அப்போது காதில் விழும் முதல் அறிவுரை, மூன்றில் ஒரு பங்கு விதி. நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு கோடு போட்டு, அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் முக்கியமானதை வைக்க வேண்டும். 1797-இலேயே ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். எதையும் யோசிக்காமல் நடுவில் வைக்கும் பழக்கத்தை இது உடைக்கும். அதற்குமேல் பெரிதாக உதவாது. டாவின்சியின் ‘கடைசி இராவுணவு’ ஓவியத்தில் இயேசு நட்டநடுவில்தான் இருக்கிறார். சுவரும் கூரையும் காட்டும் கோடுகளெல்லாம் அவர் தலையை நோக்கியே ஓடுகின்றன. கண்ணும் அங்கேயே போய் நிற்கிறது. வெறும் கட்டம் இதைச் சொல்லித் தராது.

போனில் படமெடுத்து வெட்டிப் பார்ப்பது வேகமான வழி. எதை விடலாம் என்று கண் பழகும். ஆனால் கேமரா பார்த்ததற்குள்தான் நீங்கள் தேட முடியும். மரத்தை இரண்டடி தள்ளி வைக்க முடியாது.

என் ஓட்டு குட்டி ஸ்கெட்ச்சுக்குத்தான்: கேன்வாஸைத் தொடும் முன் காகிதத்தில் சின்னப் பெட்டி போட்டு, அதற்குள் படத்தை வரைந்து பார்ப்பது. பெட்டியின் விகிதம் கேன்வாஸோடு பொருந்த வேண்டும், இதில் பலர் கோட்டை விடுகிறார்கள். 16க்கு 20 அங்குல கேன்வாஸ் என்றால் 4க்கு 5 சென்டிமீட்டர் பெட்டி போதும். அதற்குள் மூன்றே டோன்: காகிதத்தின் வெள்ளை, நடுச் சாம்பல், 6பி பென்சிலின் கருமை. கண்ணும் மூக்கும் வரைய அங்கே இடமில்லை என்பதுதான் இதன் பலமே.

மரத்தடியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். முதல் பெட்டியில் அவர் தலைமுடியும் மரத்தண்டும் ஒரே கருப்பாக ஒட்டிக்கொள்கின்றன, ஆளையே காணோம். அடுத்த பெட்டியில் அவரைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்துங்கள். தலைக்குப் பின்னால் வெயில் பட்ட சுவர் வருகிறது, உருவம் பளிச்சென்று தெரிகிறது. இரண்டு நிமிட வேலை. இதையே கேன்வாஸில் பாதி வண்ணம் பூசிய பிறகு கண்டுபிடித்தால் மாற்ற மனசே வராது.

வெளியில் உட்கார்ந்து வரைபவர்கள் மட்டும் போனையும் சேர்த்துக்கொள்ளலாம். கண்ணெதிரே விரிந்து கிடப்பதில் எந்தத் துண்டு வேண்டும் என்று அதில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் பென்சிலை எடுங்கள்.