கடவுளைக் கைவிட்டவர்களின் சாவு: மூன்று இஸ்ரேலியப் படங்கள்

இஸ்ரேலில் மதப் பிடிப்பு இல்லாமல் வாழ்ந்துவிடலாம், சாவதுதான் சிரமம். டெல் அவீவ்காரர் சனிக்கிழமை கடற்கரையில் கிடக்கலாம், யோம் கிப்பூர் விரதத்தை மறந்துபோகலாம். உயிர் போன மறுகணம் உடலை ஹெவ்ரா கதீஷா என்ற மதவழி அடக்கச் சங்கம் ஏற்றுக்கொள்ளும். ஜெப ஆலயப் பக்கமே போகாத மகன் அரமேய மொழியில் கதீஷ் என்ற இறந்தோர்க்கான பிரார்த்தனையைச் சொல்லி நிற்பான். மதச் சடங்கு இல்லாத அடக்கத்தை உரிமையாக்கிய சட்டம் 1996-இல்தான் வந்தது. அந்நாட்டுப் படங்களில் நண்பர் கூட்டமும் சாவும் அடிக்கடி சேர்ந்தே வருவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ரப்பி என்ற யூத மதகுருவிடம் போகாதவன் வேறு யாரிடம் போவான்? நண்பனிடம்தான். அந்த நண்பன் எதற்காவது உதவுகிறானா என்பதை வைத்தே இந்த மூன்று படங்களையும் எடைபோடுகிறேன்.

மூன்றில் எளிதில் மனதுக்குப் பிடித்துவிடுவது தல் கிரானித்தும் ஷரோன் மைமோனும் இயக்கிய 'மிதா தோவா' (நல்ல சாவு, 2014). ஜெருசலேமில் ஒரு முதியோர் இல்லம். வலியில் துடிக்கும் மாக்ஸ் என்ற நண்பருக்காக, எதையாவது கண்டுபிடித்துக்கொண்டே இருக்கும் யெஹெஸ்கேல் ஒரு கருவி செய்கிறார். நோயாளி தானே பொத்தானை அழுத்திச் சாகலாம். உடன் சேர்பவர்கள் ஒரு கால்நடை மருத்துவரும் ஓய்வு பெற்ற போலீஸ்காரர் ஒருவரும். மிகவும் வசதியான கூட்டணிதான், அதைச் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் முதல் காட்சியிலேயே படம் என்னை வளைத்துப் போட்டுவிட்டது. யெஹெஸ்கேல் குரலை மாற்றிக்கொண்டு ஒரு மூதாட்டிக்குத் தொலைபேசியில் பேசுகிறார்: நான்தான் கடவுள், சொர்க்கத்தில் இப்போதைக்கு இடம் இல்லை, சிகிச்சையைத் தொடருங்கள். நம்பிக்கை இல்லாத ஒருவர், நம்பிக்கை உள்ள ஒருவருக்காகக் கடவுள் வேலை பார்க்கிறார். அதே மனிதர் பிறகு எதிர்த்திசையிலும் அதே வேலையைப் பார்க்கப்போகிறார் என்பதுதான் கதை.

சாகும் நிலையில் உள்ள நோயாளிகள் பற்றிய இஸ்ரேலின் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் மனதில் இருந்தால் இந்தக் கருவி இன்னும் சுவையாகும். உயிரைப் போக்கும் செயல் எதையும் அச்சட்டம் அனுமதிப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் வென்டிலேட்டரை நிறுத்தவும் கூடாது. ஆனால் அதில் நேரக் கருவி ஒன்றைப் பொருத்தி, அது தானாக நின்ற பின் மறுபடி இயக்காமல் விட வழி வைத்திருக்கிறது. மதச் சட்டத்துக்கும் மருத்துவமனைக்கும் நடுவே நடந்த பேரத்தின் விளைவு அது. யாருடைய கையும் பட்டதாக இருக்கக்கூடாது என்ற அந்தக் கவலை படத்திலும் உண்டு, யெஹெஸ்கேலின் மனைவி லெவானாவுக்கு மறதிநோய் முற்றும் வரையில். கணவரின் கூட்டத்தைக் கொலைகாரர்கள் என்று திட்டியவள் அவள். அவளே அந்தக் கருவியைக் கேட்கும்போது பொறியியல் ஒளிந்துகொள்ள இடமில்லை. நடுவில் இறந்தவர்களும் சேர்ந்து பாடும் பாட்டு ஒன்று வருகிறது. அது இல்லாமலே இருந்திருக்கலாம். எழுபதுகளின் கொச்சையான நகைச்சுவைப் படங்களில் ஊரைச் சிரிக்கவைத்த ஸெஎவ் ரெவாக், யெஹெஸ்கேலாக நடித்து இஸ்ரேலியத் திரைப்பட விருதான ஓஃபீர் பெற்றார். தகுதியான விருது.

அமோஸ் கிதாயின் 'ஸிக்ரோன் துவாரிம்' (1995) இதற்கு நேர் எதிர். இதில் நண்பனால் எந்தப் பயனும் இல்லை. யாக்கோவ் ஷப்தாய் 1977-இல் வெளியிட்ட நாவலிலிருந்து எடுத்த படம். கோல்ட்மன், ஸீசர், இஸ்ரேல் என்று டெல் அவீவில் நடுவயதை எட்டும் மூன்று ஆண்கள். கோல்ட்மனின் தந்தை ஏப்ரல் முதல் நாள் இறந்தார், கோல்ட்மன் ஜனவரி முதல் நாள் தற்கொலை செய்துகொண்டான் என்று நாவல் முதல் வாக்கியத்திலேயே முடிவைச் சொல்லிவிடுகிறது. இடைப்பட்ட ஒன்பது மாதங்களில் மூவரும் ஓயாமல் சந்திக்கிறார்கள், பேசுகிறார்கள், படுக்கைகள் மாறுகிறார்கள். ஒருவன் மூழ்குவதை மற்ற இருவரும் கவனிக்கவே இல்லை. தந்தையர் தலைமுறை உழைப்பையும் சோஷலிசத்தையும் மதமாகக் கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு அதுவும் மிச்சமில்லை. ஸீசராக நடித்தவர் அஸ்ஸி தயான், நாட்டின் போர்நாயகன் மோஷே தயானின் மகன். கோல்ட்மனாகக் கிதாயே நடித்தார். இந்த நடிகர் தேர்விலேயே பாதிப் படம் இருக்கிறது. மீதிப் பாதி என்னைச் சோர்வடையச் செய்தது. பத்தியே பிரிக்காமல் ஒரே மூச்சில் ஓடும் ஷப்தாயின் உரைநடை சாவை நோக்கிச் சரிந்துகொண்டே போகும். கிதாயின் நிதானமான நீண்ட ஷாட்டுகளில் அந்தச் சரிவு இல்லை. நாவலைப் படிக்க முடிந்தவர்கள் படத்தைத் தவறவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

யாருமே சாகாத படம்தான் என் முதல் தேர்வு: ஊரி ஸோஹரின் 'மெட்சிட்சிம்' (எட்டிப்பார்ப்பவர்கள், 1972). டெல் அவீவ் கடற்கரையில் ஒரு கொட்டகையில் குட்டே காலம் தள்ளுகிறான். வயது முப்பதைத் தாண்டிவிட்டது, செய்வதற்கு ஒன்றுமில்லை. பெண்கள் குளியலறையை எட்டிப்பார்க்கும் பையன்களை விரட்டுவது அவனுக்குக் கிடைத்த ஒரே அதிகாரம். நண்பன் ஏலி பாடகன், மணமானவன். வேறு பெண்களை அழைத்துவர அந்தக் கொட்டகைதான் அவனுக்கு வசதி. குட்டேயாக ஸோஹரும் ஏலியாக நிஜத்திலும் பாடகரான ஆரிக் ஐன்ஸ்டைனும் நடித்தார்கள். இங்கே நண்பன் ஒரு வேலையைக் கச்சிதமாகச் செய்கிறான்: மற்றவன் வளராமல் பார்த்துக்கொள்கிறான். வளர்ந்தால் அடுத்தது முதுமை, அதற்கடுத்தது சாவு. இருவரும் அதை வாயால் சொல்வதில்லை. சிரிப்பின் அளவு கொஞ்சம் கூடிப்போகும் இடங்களில் நமக்குத் தெரிந்துவிடுகிறது. பெண்களைப் படம் பார்க்கும் விதம் இன்று நெளியவைக்கும். குட்டேயின் பார்வைக்கும் கேமராவின் பார்வைக்கும் எப்போதும் இடைவெளி இருக்கிறது என்று என்னால் வாதாட முடியாது. வெளியானபோது படம் ஓடவில்லை. இன்று அந்தக் கடற்கரைக்கே படத்தின் பெயர்தான்.

படத்துக்கு வெளியே நடந்தது இன்னும் பெரிய கதை. ஸோஹர் 1976-இல் தமக்கு அறிவிக்கப்பட்ட இஸ்ரேல் பரிசை மறுத்தார். சினிமாவையும் விட்டு, தீவிர வைதீக யூதராகி, ஜெருசலேமில் ரப்பியாக வாழ்ந்து 2022-இல் இறந்தார். ஐன்ஸ்டைன் கடைசிவரை மதப் பிடிப்பற்ற டெல் அவீவின் குரலாகவே இருந்து 2013-இல் மறைந்தார். ஐன்ஸ்டைனின் முதல் மனைவியும் மதத்துக்குத் திரும்பியிருந்தார். அவர்களுடைய இரு மகள்களும் ஸோஹரின் மகன்கள் இருவரை மணந்தார்கள். ஏலியும் குட்டேயும் சம்பந்திகள்! எந்தத் திரைக்கதையாசிரியர் எழுதியிருந்தாலும் தயாரிப்பாளர் நம்பும்படி இல்லை என்று அடித்திருப்பார். குட்டேயின் வெறுமைக்கு ஸோஹர் கண்ட விடையை நான் ஏற்கவில்லை. ஆனால் கேள்வியை அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை என்பதற்கு அந்த வாழ்க்கையைவிட உறுதியான சாட்சி வேறு வேண்டாம்.

இந்த வகைப் படங்களுக்குப் புதியவர்கள் 'மிதா தோவா'விலிருந்து தொடங்கலாம். வீட்டில் வயதான பெற்றோர் இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து பார்ப்பதா தனியாகவா என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். 'மெட்சிட்சிம்' இரண்டாவதாக இருக்கட்டும், ஸோஹர் பின்னால் என்ன ஆனார் என்பதைத் தெரிந்துகொண்டே பாருங்கள். கிதாயின் படத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் ஷப்தாயின் முதல் ஐம்பது பக்கங்களைப் படித்துவிடலாம்.