தோளுக்கு இதமான ரெமிங்டன் 1100

வலது தோளில் தேய்மானம் என்று டாக்டர் சொன்ன பிறகு ஷாட்கன் (சிறு ரவைகளைச் சிதறச் சுடும் துப்பாக்கி) சுடுவதையே விட்டுவிடலாம் என்றிருந்தேன். ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப் துப்பாக்கியில் ஸ்கீட் (பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுடும் விளையாட்டு) ஒரு ரவுண்டு, அதாவது 25 க்ளே தட்டு, சுட்டு முடித்தால் மறுநாள் சட்டை போடக் கை தூக்க முடியாது. க்ளப்பில் ஒரு பெரியவர் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் தன் ரெமிங்டன் 1100 ஷாட்கனை நீட்டி, "இதில் சுட்டுப் பாருங்கள்" என்றார். அடுத்த மாதமே 12 கேஜ் குழல் அளவில் பழையது ஒன்று 600 டாலருக்கு வாங்கிவிட்டேன். நான்கு வருஷமாகிறது.

1963-ல் வந்த மாடல். வெடித்ததும் பேரலின் (குழலின்) அடியில் உள்ள இரண்டு சிறு துளைகள் வழியாகக் கொஞ்சம் புகை இறங்கிப் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். அந்த ஓட்டத்திலேயே காலித் தோட்டா வெளியே தெறித்து அடுத்தது மேலே வரும். உதையும் ஒரேயடியாக வந்து மோதாமல் பரவி வருகிறது. மூன்றரைக் கிலோ கனமும் சேர்ந்துகொள்ள, யாரோ உள்ளங்கையை வைத்துத் தோளைத் தள்ளுவது போலத்தான் இருக்கும். ஸ்கீட்டில் இரண்டு தட்டு சேர்ந்து பறக்கும் இடங்களில் குழல் பெரிதாக எழும்பாததால் இரண்டாவது தட்டைக் கண் விடுவதில்லை. இந்த ஒன்றுக்காகவே நான் இதை யாருக்கும் சொல்வேன்.

பழசாக வாங்குகிறவர்கள் ஓ-ரிங்கைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். தோட்டாக்கள் இருக்கும் குழாயின் மேல் மாட்டிய கறுப்பு ரப்பர் வளையம் அது. புகை முன்பக்கம் கசியாமல் அடைப்பது அதன் வேலை. எனக்கு விற்ற கடைக்காரர் "எல்லாம் செக் பண்ணியாச்சு" என்றார். முதல் நாள் ஒவ்வொரு முறை சுட்டதும் காலித் தோட்டா உள்ளேயே சிக்கியது. கழற்றிப் பார்த்தால் வளையம் காய்ந்து, நகம் பட்ட இடத்தில் அப்பளம் போல உடைந்தது. சில டாலர்தான் விலை. இப்போது தோட்டாப் பையில் எப்போதும் இரண்டு வைத்திருக்கிறேன். அப்புறம், துப்பாக்கியின் உடம்பில் 'மேக்னம்' (பலமான தோட்டாவுக்கானது) என்று பொறித்ததை க்ளேவுக்கு வாங்காதீர்கள். லேசான தோட்டாவுக்கு அது சரியாக ஓடாது.

செப்டம்பர் 1 டெக்சஸில் எங்கள் பக்கம் புறா சீசன் தொடங்கும். கோல்மன் அருகே சூரியகாந்தி வயலோரம், 8-ஆம் நம்பர் சிறு ரவையோடு உட்கார்ந்துவிடுவேன். துப்பாக்கி ஐந்து தோட்டா பிடிக்கும். ஆனால் புறா போன்ற வலசைப் பறவைகளைச் சுட மொத்தம் மூன்றுக்கு மேல் போக முடியாதபடி குழாய்க்குள் அடைப்புக் கட்டை இருக்க வேண்டும் என்பது சட்டம். முந்தைய சொந்தக்காரர் கட்டையை எடுத்திருக்கலாம், வேட்டைக்கு முன் தோட்டா போட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு நாளைக்கு 15 புறாதான் கணக்கு. அந்தக் கணக்கை நான் ஒருநாளும் தாண்டியதில்லை.

வாத்து வேட்டைக்கு மட்டும் இதை எடுத்துப் போவதில்லை. அமெரிக்கா முழுவதும் 1991 முதல் வாத்துக்கு ஈய ரவை கூடாது. அதற்குப் பதிலான இரும்பு ரவை கெட்டி. முனை ஒடுங்கிய என் பழைய பேரலை அது கெடுத்துவிடும். அதற்கு நண்பரின் புதுத் துப்பாக்கியைத்தான் இரவல் வாங்குகிறேன்.